பழைய பாட்டா, புதுப் பாட்டா? கிறிஸ்மஸ் ஆராதனை பத்தி வாசகர் கேள்விகள்

இந்தத் தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல கிறிஸ்மஸ் ஆராதனை பத்திதான், அதுலயும் முக்கால்வாசி பாட்டு பத்தி. எல்லாத்துக்கும் பதில் சொல்ல இடம் இல்ல, ஆறு எடுத்திருக்கேன். புதுசா படிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை: நான் இருபது வருஷத்துக்கு மேல கொயர்ல (சபைப் பாடகர் குழுவுல) டெனர், அதாவது ஆம்பளைங்க உயர்ந்த குரல், பாடினவன், இப்ப சில வருஷமா அதே சபையில பேண்ட்ல கீபோர்டு வாசிக்கிறேன். ரெண்டு பக்கத்து வருத்தமும் எனக்குத் தெரியும், அதனால யார் பக்கமும் சாயாம எழுதுறேன்னு சொல்ல மாட்டேன், ரெண்டு பக்கமும் சாஞ்சுதான் எழுதுறேன்.

கேள்வி: எனக்கு 68 வயசு. போன கிறிஸ்மஸ் ஆராதனைல லைட்டை எல்லாம் அணைச்சுட்டு ஸ்டேஜ்ல மட்டும் கலர் கலரா போட்டாங்க, ட்ரம்ஸ் சத்தத்துல நெஞ்சு அதிருது, சின்ன வயசுல இருந்து பாடின பாட்டு ஒண்ணு கூட இல்ல. வாயைத் திறக்காம உக்காந்துட்டு வந்துட்டேன். இது ஆராதனையா, கச்சேரியா?

அம்மா, உங்க வருத்தத்தை "வயசானவங்க மாற மாட்டாங்க"ன்னு ஒரே வரியில தள்ளிட்டுப் போறவங்க பேச்சைக் காதுல வாங்காதீங்க. அம்பது வருஷம் பாடின பாட்டு வெறும் பாட்டு இல்ல, பிள்ளை வயித்துல இருக்கும்போது பாடினது, வீட்டுல ஒருத்தரை அடக்கம் பண்ணிட்டு வந்த வருஷம் ரெண்டாவது சரணத்துலயே தொண்டை அடைச்சு நின்னது, எல்லாம் அந்த ராகத்துக்குள்ளதான் இருக்குது. அதை ஒரு வருஷம் சொல்லாம கொள்ளாம எடுத்துட்டா வலிக்கத்தான் செய்யும்.

வேதத்துல இதுக்கு அப்படியே பொருந்துற ஒரு இடம் இருக்குது, எஸ்றா 3-ம் அதிகாரம். பாபிலோன் படை இடிச்ச ஆலயத்துக்கு ஏறக்குறைய அம்பது வருஷம் கழிச்சு மறுபடியும் அஸ்திபாரம் போடுறாங்க. இளசுங்க ஆர்ப்பரிக்குது, பழைய ஆலயத்தைக் கண்ணால பாத்த கிழவர்கள் சத்தம் போட்டு அழறாங்க. சந்தோஷ சத்தம் எது, அழுகை சத்தம் எதுன்னு பிரிச்சுச் சொல்ல முடியலன்னு எழுதியிருக்குது, அந்த மொத்த சத்தமும் வெகுதூரம் கேட்டுச்சாம். நான் இதை எத்தனையோ தடவை படிச்சிருக்கேன், ஒவ்வொரு தடவையும் ஒண்ணு கவனிக்கிறேன். அழுதவங்களை "ஏன் அழறீங்க"ன்னு அந்த அதிகாரம் கண்டிக்கல, ஆர்ப்பரிச்சவங்களை "கொஞ்சம் அடங்குங்க"ன்னும் சொல்லல.

கச்சேரியா ஆராதனையான்னு கேட்டீங்க. ட்ரம்ஸை வச்சு அதைத் தீர்மானிக்க மாட்டேன், 150-வது சங்கீதத்துலயே கைத்தாளம் இருக்குது, அதுவும் பேரோசையுள்ள கைத்தாளம். நான் பாக்கிறது ஒண்ணே ஒண்ணு, ஜனங்க பாடுற சத்தம் கேக்குதா இல்லையா. அது ஆர்கனா கிட்டாரான்னு இல்ல, நல்லா தேறின ஒரு கொயர் நாலு பார்ட்ல, அதாவது நாலு விதக் குரலா பிரிஞ்சு பாட, சபை முழுக்க வாயை மூடிக்கிட்டு ரசிச்சா அதுவும் கச்சேரிதான், அந்தத் தப்பை நாங்க டை கட்டிக்கிட்டு பல வருஷம் பண்ணியிருக்கோம்.

இங்க என் கதை ஒண்ணு சொல்லணும். பேண்ட்ல வாசிக்கிறவங்க காதுல சின்னதா ஒண்ணு மாட்டிக்கிட்டு வாசிப்போம், இன்-இயர் மானிட்டர்னு பேரு. அதுல தாளம் தப்பாம இருக்கப் போடுற கிளிக் சத்தம், என் கீபோர்டு, பாடுறவங்க குரல் எல்லாம் துல்லியமா கேக்கும், சபை பாடுறது மட்டும் கேக்கவே கேக்காது. ரெண்டு வருஷம் அப்படியே வாசிச்சேன். ஒரு கிறிஸ்மஸ் ஆராதனைல இடது காதுல இருந்தது கழண்டு விழுந்துடுச்சு, குனிஞ்சு எடுக்கும்போதுதான் தெரிஞ்சுது, முன்னாடி முந்நூறு பேர் நிக்கிறாங்க, ஒரு முணுமுணுப்பு கூட வரல. மூணாவது வரிசையில ஒரு பெரியவர் ரப்பர் பேண்ட் போட்ட பாட்டுப் புஸ்தகத்தை மார்போட அணைச்சுக்கிட்டு ஸ்கிரீனையே பாத்துக்கிட்டு இருக்கார், ஒரு வரியை அவர் படிச்சு முடிக்கிறதுக்குள்ள ஸ்லைடு மாறிடுது. அன்னையில இருந்து ஒரு காதுல மாட்டுறதே இல்ல. ரிதம் கொஞ்சம் முன்ன பின்ன ஆகும், ஆகட்டும்.

ஒண்ணு மட்டும் உங்களையும் கேட்டுக்கிறேன். நீங்க உயிரா நினைக்கிற பாட்டும் ஒரு காலத்துல புதுசாத்தான் வந்துச்சு. தமிழ்ல 'ஒப்பில்லா திரு இரா'ன்னு பாடுறோமே, அது 1818 டிசம்பர் 24 ராத்திரி ஆஸ்திரியாவுல ஓபர்ன்டார்ஃப்ங்கற சின்ன ஊர்ல முதல் தடவை பாடினது. வரி எழுதினது யோசப் மோர்ங்கற உதவிப் பாதிரியார், ராகம் போட்டது ஃபிரான்ஸ் சேவர் குரூபர்ங்கற பள்ளிக்கூட வாத்தியார், ரெண்டு பேரும் சேந்து பாடினாங்க, பக்கத்துல வாசிச்சது ஆர்கன் இல்ல, கிட்டார். உங்களை வாதத்துல ஜெயிக்க இதைச் சொல்லல. இன்னைக்கு கிட்டாரோட நிக்கிற பையன் பாடுறதுல ஒண்ணு, இன்னும் அம்பது வருஷம் கழிச்சு இன்னொரு 68 வயசு அம்மாவுக்கு தொண்டை அடைக்கிற பாட்டா ஆகலாம், அதுக்காகச் சொல்றேன்.

இந்த வருஷம் கமிட்டியில கம்ப்ளெயின்ட் குடுக்காதீங்க. பாட்டு நடத்துற தம்பியைத் தனியா கூப்பிட்டு ஒரே ஒரு பாட்டைச் சொல்லி, எல்லாச் சரணமும் பாடணும்னு கேளுங்க, அது ஏன் உங்களுக்கு முக்கியம்னும் சொல்லுங்க. அந்தக் கதை தெரிஞ்சா அவனே பாட்டு லிஸ்ட்டை மாத்துவான்.

கேள்வி: நான் காலேஜ் ஸ்டூடன்ட், 19 வயசு. உண்மையைச் சொல்றேன், பழைய கிறிஸ்மஸ் பாட்டுங்க எனக்குள்ள ஒண்ணுமே பண்ணல. மொழியும் புரியல. வாய் பாடுது, மனசு இல்ல. இது பாவமா?

தம்பி, பாவம் இல்ல. புரியாம பாடுறதை விட "புரியல"ன்னு சொல்றது எவ்வளவோ மேல். சரி, ஒரு வார்த்தையில ஆரம்பிக்கிறேன். முன்னணை. எத்தனை தடவை பாடியிருப்ப? பெரியவங்கள்ல கூட பல பேரு அதை ஏதோ தொட்டில்னுதான் நினைச்சுக்கிட்டு இருக்காங்க. அது மாடு தீனி தின்னுற தொட்டி. மாட்டு எச்சி காஞ்சு கிடக்கிற, வைக்கோல் ஒட்டுன தொட்டியில பச்சைக் குழந்தையைப் போட்டிருக்காங்கன்னு தெரிஞ்சதுக்கு அப்புறம் அந்த வரியை ஒரு தடவை பாடிப் பாரு. அந்தப் பழைய பாட்டுங்கள்ல நிறைய வார்த்தை இப்படித்தான், உள்ள பெரிய விஷயம் இருக்குது, மேல தூசி இருக்குது. வாரத்துக்கு ஒரு சரணம் எடுத்து, ராகம் இல்லாம கவிதை மாதிரி வாசி, அவ்வளவுதான்.

உன் வயசுக்காரங்க கிட்ட நான் எப்பவும் சொல்றது மரியாள் பாட்டைப் பத்தி, லூக்கா முதல் அதிகாரத்துல வருமே அது. மரியாளுக்கு என்ன வயசுன்னு வேதம் சொல்லல, ஆனா கல்யாணம் நிச்சயமான சின்னப் பொண்ணு. கிறிஸ்மஸோட முதல் பாட்டு அவளோடதுதான், தேவதூதர்கள் பாட்டு கூட அதுக்கப்புறம்தான். இப்ப ஒண்ணாம் சாமுவேல் 2-ம் அதிகாரத்தைத் திறந்து பக்கத்துல வச்சுப் பாரு. அங்க அன்னாள் பாடுறா, பிள்ளை இல்லாம அழுது அழுது சாமுவேலைப் பெத்தவ. பலவான் வில்லு முறியுது, பசியா இருந்தவங்க திருப்தியாகுறாங்க, எளியவனைப் புழுதியில இருந்து தூக்கி விடுறார்ன்னு பாடுறா. மரியாள் பாடுறதும் அதேதான், பலவான்களைத் தள்ளி தாழ்மையானவங்களை உயர்த்தினார், பசியுள்ளவங்களை நன்மையால நிரப்பினார்ன்னு. நடுவுல ஏறக்குறைய ஆயிரம் வருஷம்! அந்தப் பொண்ணு பாட்டி காலத்துப் பாட்டை மனசுல வாங்கி, தன் வயித்துல இருக்கிற பிள்ளைக்காக அதைப் புதுசாக்கிட்டா. பழசு தெரியாம இருந்திருந்தா அந்தப் புதுப் பாட்டே வந்திருக்காது. அதே சமயம் பழசை அப்படியே திருப்பிப் பாடிட்டு உக்காந்திருந்தாலும் நமக்கு அந்தப் பாட்டு கிடைச்சிருக்காது. எனக்குத் தெரிஞ்சு தலைமுறை, ஸ்டைல் சண்டை எல்லாத்துக்கும் பதில் அந்த ஒரு அதிகாரத்துலயே இருக்குது.

ஐசக் வாட்ஸ்னு இங்கிலாந்துல ஒருத்தர். அவர் இளைஞனா இருந்தப்ப ஆராதனைப் பாட்டு சரியில்லன்னு வீட்டுல குறைபட்டுக்கிட்டதாவும், "அப்படின்னா நீ நல்லதா ஒண்ணு எழுது"ன்னு அப்பா சொன்னதாவும் ஒரு கதை வழிவழியா சொல்லுவாங்க. கதை எப்படியோ, அவர் எழுதினது நிஜம். அந்தக் காலத்துல அவங்க சபைகள்ல சங்கீதத்தை அப்படியே செய்யுளாக்கி மட்டும்தான் பெரும்பாலும் பாடுவாங்க, மனுஷன் சொந்தமா எழுதின பாட்டைப் பாடலாமான்னே பெரிய சண்டை. அவர் 98-ம் சங்கீதத்தை எடுத்து, கிறிஸ்துவை நடுவுல வச்சுத் திருப்பி எழுதி 1719-ல வெளியிட்டதுதான் 'ஜாய் டு த வேர்ல்ட்'. இன்னைக்கு அது உனக்குப் பழைய பாட்டு, அன்னைக்கு அதுதான் புதுமை.

மனசுல ஒண்ணும் தோணலன்னு சொன்னியே, அதைப் பத்தியும் ரெண்டு வார்த்தை. மத்தேயு 2-ல குழந்தை இயேசுவைத் தேடி கிழக்குல இருந்து சாஸ்திரிகள் வந்தாங்க, சாஷ்டாங்கமா விழுந்து பணிஞ்சாங்க, பொக்கிஷத்தைத் திறந்து வச்சாங்க. என்ன உணர்ந்தாங்கன்னு எழுதியிருக்கிறது வழியில நட்சத்திரத்தைப் பாத்து சந்தோஷப்பட்டது மட்டும்தான், பிள்ளை முன்னாடி என்ன உணர்ந்தாங்கன்னு இல்ல, விழுந்தாங்க, குடுத்தாங்க, அதோட சரி. ஆராதனைன்னு நாம சொல்றதோட அடிமட்ட அர்த்தம் அதுதான்னு நான் நினைக்கிறேன். மனசு பொங்குற நாளும் வரும், பொங்காத நாளும் வரும், பொங்காத நாள்ல நீ போய் நின்னு பாடுறது குறைச்சல் இல்ல. பக்கத்துல நிக்கிற தாத்தாவுக்காக அவர் பாட்டை முழு மனசோட சத்தமா பாடுனியானா, உன் பெட்டியில இருந்து பொன்னை எடுத்து வச்ச மாதிரிதான்.

கேள்வி: எங்க சபையில கிறிஸ்மஸே கொண்டாட மாட்டோம், டிசம்பர் 25 வேதத்துல இல்லன்னு பாஸ்டர் சொல்றார். என் மனைவி வீட்டுல பெருசா கொண்டாடுவாங்க. யாரு சொல்றது சரி?

தேதி வேதத்துல இல்லங்கறது சரி. டிசம்பர் 25-ன்னு எழுத்துல கிடைக்கிற பழைய ஆதாரம் ரோம்ல 336-ம் வருஷத்தைச் சேந்தது. ஆர்மீனிய சபை இன்னைக்கும் ஜனவரி 6-ல கொண்டாடுது, ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபை மாதிரி ஜூலியன் காலண்டர் வச்சிருக்கிறவங்களுக்கு அது நம்ம கணக்குல ஜனவரி 7. உங்க பாஸ்டர் சொல்றதும் புதுசு இல்ல, 1647-ல இங்கிலாந்து பார்லிமென்டே கிறிஸ்மஸைத் தடை பண்ணுச்சு, அமெரிக்காவுல மாசாசூசெட்ஸ்ல 1659-ல இருந்து 1681 வரைக்கும் கொண்டாடினா அஞ்சு ஷில்லிங் அபராதம். குடிச்சுட்டு ரோட்டுல ஆடுறதுக்குப் பேரு பண்டிகையான்னு அவங்க கேட்டதுலயும் நியாயம் இருந்துச்சு.

ஆனா ரோமர் 14-ல பவுல் இதுக்கு வழி சொல்லிட்டார், நாளைக் கவனிக்கிறவன் கர்த்தருக்காகக் கவனிக்கட்டும், கவனிக்காதவனும் கர்த்தருக்காகவே கவனிக்காம இருக்கட்டும்னு. உங்க மனைவி வீட்டுக்குப் போங்க. அவங்க ஜெபிக்கும்போது கூட உக்காருங்க, தேதி பத்தி அங்க பேச வேண்டாம்.

கேள்வி: ரெண்டு சின்னப் பிள்ளைங்க. கிறிஸ்மஸ் நடுராத்திரி ஆராதனைல சின்னவன் அழுதான், முன்னாடி இருந்தவங்க மூணு தடவை திரும்பிப் பாத்தாங்க. இந்த வருஷம் போகலாமா வேண்டாமா?

போங்க. கண்டிப்பா போங்க. பிறந்த குழந்தையைக் கொண்டாடுற ராத்திரியில குழந்தை அழற சத்தம் தொந்தரவுன்னு நினைக்கிறவங்க கொஞ்சம் யோசிக்கணும், அன்னைக்கு அந்த முன்னணையில இருந்து என்ன சத்தம் வந்திருக்கும்?

பிரான்சிஸ் அசிசியார்ங்கற துறவி 1223-ல கிரேச்சோங்கற இத்தாலி கிராமத்துல வைக்கோல், மாடு, கழுதை எல்லாம் கொண்டு வந்து, அங்கயே நடுராத்திரி திருப்பலி நடத்த வச்சார், பெத்லகேம்ல நடந்ததைக் கண்ணால பாக்கணும்னு. ஜெர்மனியில சபைச் சீர்திருத்தம் பண்ணின மார்ட்டின் லூத்தர் கிறிஸ்மஸுக்கு பிள்ளைங்களுக்காகன்னே ஒரு நீளமான பாட்டு எழுதினார், 1535-ல அச்சாச்சு. முதல்ல அவர் எடுத்துக்கிட்டது ஊர்ல விளையாட்டுக்குப் பாடுற விடுகதைப் பாட்டோட ராகம். சின்னவங்களுக்கு எட்டணும்னு பெரியவங்க இறங்கி வந்ததுதான் நம்ம கிறிஸ்மஸ் வழக்கங்கள்ல பாதி. ஓரமா, கதவு பக்கத்துல உக்காருங்க, ரொம்ப அழுதா வெளிய போய்ட்டு வாங்க, மறுபடியும் உள்ள வாங்க. திரும்பிப் பாக்கிறவங்க பாக்கட்டும்.

கேள்வி: மார்ச் மாசம் என் வீட்டுக்காரர் தவறிட்டார். டிசம்பர் வந்தாலே பயமா இருக்குது. எல்லாரும் கை தட்டி சந்தோஷமா பாடுற இடத்துல என்னால நிக்க முடியாது. வீட்டுலயே இருந்துடட்டுமா?

அக்கா, முடியலன்னா இருங்க. ஒரு வருஷம் வராம இருந்தா கர்த்தர் கணக்கு எழுத மாட்டார்.

ஆனா ஒண்ணு சொல்லணும், கிறிஸ்மஸ் கதையில அழுகையை நாமதான் வெட்டி எடுத்துட்டோம், வேதம் எடுக்கல. மத்தேயு 2-ல பெத்லகேம் பிள்ளைங்களைப் பறிகொடுத்த தாய்மார் இருக்காங்க, ராகேல் ஆறுதல் அடைய மாட்டேங்கறாள்னு எழுதியிருக்குது. லூக்கா 2-ல ஆலயத்துல சிமியோன்ங்கற பெரியவர் குழந்தை இயேசுவைக் கையில ஏந்தி ஸ்தோத்திரம் பண்ணிட்டு, மரியாளைப் பாத்து உன் ஆத்துமாவை ஒரு பட்டயம் உருவிப் போகும்ங்கறார். அந்த நேரத்துலயே அங்க வந்து நிக்கிறது யாரு? ஒரு விதவை. கல்யாணமாகி ஏழே வருஷத்துல புருஷனை இழந்து, 84 வயசு வரைக்கும் ஆலயத்துலயே கிடந்தவங்க. அவங்க பேரும் நம்ம வேதத்துல அன்னாள்தான். மேல அந்தத் தம்பிக்குச் சொன்ன அன்னாள் பிள்ளைக்காக அழுதவ, இந்த அன்னாள் துணை இல்லாம அத்தனை வருஷம் இருந்தவ, ரெண்டு பேரு கண்ணீருக்கும் கிறிஸ்மஸ்ல இடம் இருக்குது.

சில சபைகள்ல டிசம்பர் 21 வாக்குல, வருஷத்துலயே நீளமான ராத்திரியில, துக்கத்துல இருக்கிறவங்களுக்குன்னே அமைதியா ஒரு ஆராதனை வைக்கிறாங்க, மெழுகுவர்த்தி ஏத்தி, பேரு சொல்லி ஜெபம் பண்ணி, சத்தம் போடாம. உங்க சபையில இல்லன்னா ஆயர்கிட்ட கேளுங்க, பெருசா ஒண்ணும் வேண்டாம், ஒரு ரூமும் நாலு பேரும் இருந்தா போதும். கிறிஸ்மஸ் அன்னைக்கே வரணும்னு தோணுச்சுன்னா, கூட ஒருத்தரை அழைச்சுக்கிட்டு வாங்க, பாட வேண்டாம், நில்லுங்க. பக்கத்துல இருக்கிறவங்க உங்களுக்கும் சேத்துப் பாடுவாங்க. நானும் ஒரு வருஷம் அப்படி நின்னவன்தான்.

கேள்வி: எங்க சபையில பாட்டு நடத்துற பொறுப்பு இந்த வருஷம் எனக்கு. பெரியவங்களுக்குத் தனி ஆராதனை, யூத்துக்குத் தனின்னு பிரிக்கச் சொல்றாங்க. பிரிக்கலாமா, கலக்கலாமா?

மத்த ஞாயித்துக்கிழமை எப்படியோ, கிறிஸ்மஸுக்குப் பிரிக்காதீங்கன்னு கெஞ்சிக் கேட்டுக்கிறேன். குழந்தை இயேசுவைச் சுத்தி லூக்கா 2-ல யாரு யாரு நிக்கிறாங்கன்னு பாருங்க, சின்னப் பொண்ணு, தச்சன், நைட் ஷிப்ட் பாக்கிற மேய்ப்பர்கள், சாவுக்குக் காத்திருக்கிற சிமியோன், 84 வயசு விதவை. அதைத் தனித்தனி டைம் போட்டுப் பிரிக்க முடியுமா?

ஆனா கலக்குறேன்னு சொல்லி பழைய பாட்டுல ஒரு சரணம், புதுப் பாட்டுல ஒரு கோரஸ்னு துண்டு துண்டா வெட்டி ஒட்டாதீங்க, அப்படிப் பண்ணினா யாருக்குமே பாடின மாதிரி இருக்காது, நாங்க பண்ணிக் கெடுத்திருக்கோம். பழசுல ஒண்ணு பாடினா எல்லாச் சரணமும் பாடுங்க, ட்ரம்ஸ் இல்லாம, முடிஞ்சா கடைசிச் சரணம் வாத்தியமே இல்லாம. புதுசு பாடினா அதை அதோட பலத்துலயே பாடுங்க, வெக்கப்பட்டுக்கிட்டு மெதுவா வாசிக்காதீங்க. புதுப் பாட்டை நவம்பர்லயே ரெண்டு மூணு வாரம் பாடிப் பழக்கிடுங்க, கிறிஸ்மஸ் அன்னைக்குப் புதுப் பாட்டு கத்துக்குடுக்கிற நாள் இல்ல. நடுவுல வேத வாசிப்பு நிறைய வைங்க, கேம்பிரிட்ஜ் கிங்ஸ் காலேஜ்ல 1918-ல இருந்து ஒன்பது வாசிப்பு, ஒவ்வொண்ணுக்கும் பாட்டுன்னு நடத்துறாங்களே, அதுல நம்ம எல்லாருக்கும் ஒரு பாடம் இருக்குது, கதை முன்னாடி நிக்கும்போது எந்த ஸ்டைல் பாட்டு வந்தாலும் கதைக்குள்ள போயிடும். வாசிக்கிறவங்க வயசு கலந்து இருக்கட்டும், பெரியவங்களுக்குப் பெரிய எழுத்துல பிரின்ட் போட்டுக் குடுங்க.

ஸ்கிரீன்ல வரி மாத்துறவங்களை பிராக்டிஸுக்கு வரச் சொல்லுங்க, கடைசி வார்த்தை பாடி முடிக்கிறதுக்கு முன்னாடி மாத்தக் கூடாது. ஸ்கிரீன்ல வார்த்தை மட்டும்தான் வரும், நோட் வராது, அதனால ஆல்டோ (பொம்பளைங்க தாழ்ந்த குரல்), பாஸ் (ஆம்பளைங்க தாழ்ந்த குரல்) பாடி வளந்தவங்களுக்குப் புஸ்தகத்துல இருக்கிற பாட்டு நம்பரையும் மூலையில போட்டுடுங்க. லைட்டைக் கொஞ்சம் ஏத்தி வைங்க. அப்புறம் கீ, அதாவது பாட்டோட சுருதி. ரெக்கார்டிங்ல பாடுறவர் தொடுற உச்சி ஸ்தாயி சபைக்கு எட்டாது, ரெண்டு செமிடோன் (கீபோர்டுல பக்கத்துப் பக்கத்துக் கட்டைக்கு நடுவுல இருக்கிற தூரம்), தேவைப்பட்டா நாலு, இறக்குங்க. டி-ல இருக்கிற பாட்டை பி-ஃப்ளாட்டுக்கு இறக்கினா உங்க லீட் சிங்கருக்கு டல்லா தோணும், அவர்கிட்ட முன்னாடியே பேசிடுங்க. பேசிட்டு, பிராக்டிஸ் அன்னைக்கு ஒரு தடவை வாத்தியக்காரங்க எல்லாரையும் காதுல இருக்கிறதைக் கழட்டிட்டு வாசிக்கச் சொல்லுங்க.